அப்பாவின் எண்ணுக்கு வந்த ஆறு இலக்கங்கள்

மதிவதனி எங்கள் அப்பாவின் பள்ளிக்கு முதன்முதலில் வந்த அன்று, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். உடற்கல்வி ஆசிரியர் முருகையன் தன் புதிய மின்னஞ்சலுக்கான கடவுச்சொல்லை அவளிடம் உரக்கச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"எழுதிக்கோம்மா. என் பேத்தி பேரு, அப்புறம் ஒன்னு ரெண்டு மூணு."

"சொல்லாதீங்க சார்! அது உங்களுக்கு மட்டும்தான் தெரியணும்."

"நான் மறந்துட்டா?"

"பேத்தியையா மறப்பீங்க?"

அதோடு, அந்தக் கடவுச்சொல் இப்போது பள்ளிக்கே தெரிந்துவிட்டது என்று சொல்லி, அவரை வேறு ஒன்றை யோசிக்க வைத்தாள். அவர் யோசித்த அரை மணி நேரமும் பொறுமையாகக் காத்திருந்தாள்.

அவள் வேலை இதுதான். ஒரே ஒரு கணினியிலும் யாரோ ஒருவருடைய சொந்த மின்னஞ்சலிலும் அடைந்து கிடக்கும் பள்ளியின் கடிதங்களையும் பட்டியல்களையும் இணையத்தில் ஒரு பொது இடத்துக்கு மாற்றுவாள். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பள்ளியின் பேரில் தனி முகவரி கொடுப்பாள். மதிப்பெண் பட்டியலை நாலு பேர் ஒரே நேரத்தில் திருத்தலாம் என்று செய்து காட்டுவாள். எங்கள் மாவட்டத்தில் இதுவரை பத்தொன்பது பள்ளிகளை மாற்றியிருக்கிறாள்.

சொந்த ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் அவள் வீட்டாருக்கு டீக்கடை. கணினி படித்துவிட்டு ஐந்து வருடம் சென்னையில் இருந்தாள். எங்கோ இருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு போனிலேயே கணினிக் கோளாறு சரிசெய்து தரும் வேலை. ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டேன். "அங்க யாரு முகமும் தெரியாதுக்கா. இங்க தப்பு பண்ணா பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சுத் திட்டுவாங்க. அது நல்லாருக்கு" என்றாள்.

எங்கள் அப்பா தசரதன் அந்தப் பள்ளியில் எழுத்தர். பள்ளிக்கென்று மின்னஞ்சல் கேட்ட காலத்தில் தன்னுடையதையே கொடுத்துவிட்டார். பதினோரு வருடக் கடிதங்கள், மாற்றுச் சான்றிதழ் நகல்கள், மாணவர் பட்டியல்கள் எல்லாம் அதற்குள்தான். கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இடையில், கணினியைப் பழுது பார்க்க வந்த ஒருவர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார். அப்பா சேர்த்து வைத்திருந்த புகைப்படங்களும் அதோடு போயின; அதில் எப்போதும் திறந்தே கிடந்த மின்னஞ்சலும் மூடிக்கொண்டது. இனி மின்னஞ்சலைத் திறக்க ஒரே வழிதான்: அப்பாவின் பட்டன் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்.

அந்த போனை அம்மா பிரிட்ஜின் மேல் வைத்து, தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை தனம் இரண்டு முறை கேட்டும் தரவில்லை.

மதிவதனி வீட்டுக்கே வந்தாள். அம்மா உட்காரச் சொல்லவில்லை.

"ஒருத்தன் வந்து போட்டோவையெல்லாம் அழிச்சிட்டுப் போனான். நீ வந்து மிச்சத்தையும் அழிக்கப் போறியா?"

"நகல்தாம்மா எடுப்பேன். அவரு வெச்சது வெச்ச இடத்துலயே இருக்கும். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. வேணாம்னு சொன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுறேன்."

அம்மா பிரிட்ஜின் மேலிருந்த போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒரு நாளுதான். அன்னிக்கு ஆகலைன்னா விட்டுடணும். இன்னொரு தடவை என்னால முடியாது."

தலைமையாசிரியை குறித்த நாள் பௌர்ணமி. பள்ளிக்கு விடுமுறை, ஆசிரியர்கள் எல்லோரும் ஓய்வாக வரலாம் என்று கணக்கு. மைதானம் முழுக்க வெளியூர் வேன்கள். காலையில் மதிவதனி மைக்கைப் பிடித்து, "போனுக்கு வர்ற நம்பரை யாரு கேட்டாலும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்று ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினாள். அம்மா என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

பிறகு அப்பாவின் கணக்கு. எண் அனுப்பச் சொன்னாள். போன் சும்மா கிடந்தது. மறுபடி அனுப்பினாள். மூன்றாவது முறையும் வரவில்லை. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் வந்திறங்கும் நாளில் எங்கள் ஊரில் போனில் சிக்னல் கோடு மட்டும் நிற்கும், வேலை நடக்காது. மதிவதனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கிரிவலப் பாதையிலேயே பொறந்து வளர்ந்துட்டு, இது எனக்குத் தோணலையே!"

இன்னும் ஒரு முறைதான் முயலலாம், தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்றது திரை. அப்பா எப்போதும் உட்கார்ந்த அதே பள்ளிக் கணினியிலிருந்து கேட்டால்தான் திறக்க வாய்ப்பு அதிகம். அதை நகர்த்த முடியாது. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்மா. கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டும். போன் மட்டும் ஊருக்கு வெளியே, சிக்னல் கெடைக்கிற எடத்துக்குப் போகட்டும்" என்றாள் மதிவதனி. அலுவலக மேசையில் இருந்த பழைய லேண்ட்லைன் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். அதில் சத்தம் இருந்தது.

அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எதிரே பஸ்ஸும் வேனுமாக வந்துகொண்டே இருந்தன. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை ஓரம் நிறுத்தி, அம்மாவின் போனிலிருந்து பள்ளி லேண்ட்லைனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் அப்பாவின் போன் கீச்சென்றது. எட்டு மாதத்தில் அது அம்மாவின் கையில் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

"வந்துச்சும்மா" என்றாள் அம்மா.

"சொல்லுங்கம்மா" என்றாள் மதிவதனி.

அம்மா அப்பாவின் போனை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"ம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"காலைல மைக்குல இன்னா சொன்ன? நானே கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொல்லல?"

அந்தப் பக்கம் ரிசீவருக்கு அருகிலேயே நின்றிருந்தார் போல, முருகையன் சாரின் சிரிப்பு கேட்டது. "மாட்டுனியா! எங்கள மட்டும் மிரட்டுன?"

மதிவதனி சிரிக்கவில்லை. "ஆமாம்மா, சொன்னேன். நீங்க செய்யறதுதான் சரி. நான் கேக்க மாட்டேன்."

"அப்ப எப்பிடி?"

"அது உங்க நம்பரு. நீங்க இங்க இருந்தா நீங்களே அடிச்சிருப்பீங்க. என்னை உங்க கையா நெனச்சுக்கலாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. தோணலைன்னா விட்டுடலாம். எனக்கு வருத்தமில்ல. பத்து நிமிஷம் டைம் இருக்கு, நல்லா யோசிங்க."

அம்மா கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி அடக்கினாள். பிறகு பட்டன் போனைக் கண்ணுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக, இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"திறந்துடுச்சும்மா" என்றது அந்தப் பக்கம்.

நகல் எடுத்து முடிய மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அம்மா டிபன் டப்பாவோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் மதிவதனியின் கையையே கவனித்தாள். இரண்டாம் நாள் அவளுக்கும் சேர்த்துச் சோறு கட்டினாள். பள்ளியுடையது எது, அப்பாவுடையது எது என்று அம்மாவே சொல்லச் சொல்ல, பள்ளியுடையது மட்டும் புதிய இடத்துக்குப் போனது.

மிச்சமிருந்ததில் அப்பா தனக்குத்தானே அனுப்பிக்கொண்டவை ஒரு நாற்பது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'தொலைக்கக் கூடாது'. என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், அம்மாவின் கண் பரிசோதனைச் சீட்டு, வாஷிங் மெஷின் வாரண்டி அட்டை.

"அடப்பாவி மனுஷா!" அம்மா மேசையைத் தட்டினாள். "இந்த அட்டைய நான்தான் தொலைச்சேன்னு ஒரு வாரம் பேசாம இருந்தாரும்மா என்கிட்ட!" சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்பாவைத் திட்டி அன்றுதான் கேட்டேன்.

கிளம்பும் முன் அம்மா கேட்டாள்: "இனிமே இதைத் திறக்கணும்னா அந்த நம்பரு எந்த போனுக்கு வரும்?"

"அவரு போனுக்குத்தான். வேற நம்பர் வேணும்னாலும் மாத்திக்கலாம். அவசரமில்லம்மா."

"தள்ளிக்கோ."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அம்மா, ஒரே விரலால் தன் எண்ணைத் தேடித் தேடி அழுத்தினாள். ஏழாவது இலக்கம் தவறிப்போனது. மதிவதனி உதவிக்கு வரவில்லை. அம்மாவே அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.