பத்தின் நான்காம் அடுக்கும் ஒரு சுமை வெற்றிலையும்

பள்ளி முடித்துச் சேலம் காலேஜில் பி.யூ.சி. சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பெரிய எண்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் விஞ்ஞானிகள். சூரியன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒரு சின்ன எண், ஒரு பெருக்கல் குறி, ஒரு பத்து, அந்தப் பத்தின் தோளில் ஒரு குட்டி எண். இயற்பியல் ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, குட்டி எண் எத்தனையோ அத்தனை இடம் புள்ளியை வலது பக்கம் தள்ள வேண்டும், கழித்தல் குறி இருந்தால் இடது பக்கம் என்றார். வகுப்பே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் சிரித்தேன்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. பரமத்தி வேலூரில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலை பறிக்கிற வீட்டில் பிறந்தவள் இலையை ஒவ்வொன்றாகவா எண்ணுவாள்? நூறு இலை ஒரு கவுளி. கவுளிகள் சேர்ந்தால் ஒரு சுமை. 'இன்னைக்கு மூணரைச் சுமை' என்று அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கணக்கு விளங்கிவிடும். சின்ன எண்ணை முன்னால் வைத்துப் பெரிய எண்ணை அடக்கிப் பேசும் வித்தை எங்களிடம் இருந்தது. விஞ்ஞானிகள் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தலைக்கனம் அதைவிட நீளம்.

ஆகவே புள்ளியைத் தள்ளுகிற வேலையே நான் வைத்துக்கொள்ளவில்லை. பத்தின் இரண்டாம் அடுக்கா, ஒரு கவுளி. நான்காம் அடுக்கா, ஒரு சுமை. மற்றவர்கள் விரல் விட்டுப் பூஜ்யம் எண்ணி முடிப்பதற்குள் நான் மனசுக்குள் விடை சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சேலம் டவுன்காரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். இங்கிலீஷைத் தண்ணீர் மாதிரி பேசுவாள், எண்ணைக் கண்டால் நோட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். அவள் எனக்கு இங்கிலீஷ் கட்டுரை திருத்தித் தந்தாள், நான் அவளுக்கு அடுக்கு சொல்லித் தந்தேன். நான்காம் அடுக்குக்கு நான் சொன்ன எண்ணைக் கேட்டு அவள் ஒரு நிமிஷம் யோசித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் எந்த எண்தான் முழுசாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு வால் இருக்கிறதே என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

செலக்‌ஷன் பரீட்சை வந்தது. அதில் தேறினால்தான் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. தேறாவிட்டால் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்துத்தான் என்னை ஹாஸ்டலுக்கே அனுப்பினார்கள். மாமன் வீட்டில் அதற்குள் வெள்ளையடித்துவிட்டார்கள் என்று சேதி வந்திருந்தது. நல்ல பையன்தான். ஆனால் நான் மேலே படிக்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

6.5 × 10⁴ என்பதை விரித்து எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். 67,600 என்று எழுதினேன். 52,000 என்பதை அடுக்கில் எழுதச் சொன்னார்கள். 5 × 10⁴. கனகச்சிதமாக வந்ததில் எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. இப்படியே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ஆசிரியை என்னையும் பக்கத்துச் சீட்டுக்காரியையும் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு விடைத்தாளும் விரித்துக் கிடந்தன. இரண்டிலும் ஒரே தப்பு, ஒரே இடத்தில், ஒரே எண்ணில். காப்பியடித்தது யார் என்று கேட்டார். யாரும் இல்லை என்றோம். நான் சுமைக் கணக்கைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தகப்பனாருக்குக் கடிதம் போகும், இரண்டு பேரும் பெட்டியைக் கட்டலாம் என்றார். வெளியே வந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும்.

கடிதம் கிடைத்த மறுநாளே, நாமக்கல்லில் பஸ் மாறி, புதுச்சத்திரம் தாண்டி, மத்தியானத்துக்குள் அப்பா வந்துவிட்டார். என் டிரங்குப் பெட்டியைக் கட்டக் கயிறு கொண்டு வந்திருந்தார். கூடவே, வெறுங்கையோடு வரக் கூடாது என்று வாழையிலையில் சுற்றிய வெற்றிலை. வெற்றிலையே போடாத ஆசிரியை அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விடைத்தாள்களின் மேலேயே வைத்தார்.

பிறகு அப்பாவிடம் ஒரே கேள்வி கேட்டார். நூறு கவுளி சேர்ந்தால் எத்தனை இலை?

"நூறு கவுளின்னா ஒரு சுமைங்க. பத்தாயிரத்து நானூறுங்க" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். நூறு நூறு பத்தாயிரம்தானே என்றார். அப்பா பொறுமையாக விளக்கினார். சுமைக்கு நூற்றி நாலு கவுளி கட்டுவதுதான் வழக்கம், நூறோடு எவனும் நிறுத்த மாட்டான், வழியில் கிழிவதற்கும் அழுகுவதற்கும் நாலு கூட வைக்காவிட்டால் வாங்குகிறவன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். எங்கள் ஊரில் தொண்ணூற்றொன்பது கவுளிக்கு அடுத்தது சுமைதான். அந்த நாலு கவுளியைத்தான் நான் பத்தின் தோளில் ஏற்றி, டவுன்காரி தலையிலும் கட்டியிருந்தேன்.

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். காப்பியடிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தப்பு தப்புதான், மார்க் போட முடியாது, மார்க் இல்லாமல் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்றார். அப்பா கயிற்றைக் கையில் எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்கம்மா, புள்ள எழுதுனது என்ர கணக்குங்க. நாந்தான் பெயிலுங்க. புள்ளைய இன்னொருக்கா எழுத உடுங்க."

என் அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதுவும் என்னைக் கூட்டிப்போக வந்த மனிதர். ஆசிரியை வெற்றிலையை நகர்த்திவிட்டு விடைத்தாள்களை எடுத்து மடித்தார். கடைசியில், திங்கட்கிழமை வேறு கேள்வித்தாளில் இரண்டு பேரும் எழுதலாம், வெற்றிலையை மறந்துவிட்டு எழுத வேண்டும் என்றார்.

வாசல் வரைக்கும் அப்பாவோடு நடந்தேன். டிரங்குப் பெட்டி என் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. மாமன் வீட்டில் கேட்பார்களே என்றேன்.

"நீ படி சாமி. மாமன் ஊட்ல நாஞ் சொல்லிக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை எழுதினோம். புள்ளியை ஒவ்வொரு இடமாக விரல் வைத்துத் தள்ளித் தள்ளி எழுதினேன். இரண்டு பேரும் தேறினோம். மாமன் வீட்டில் அப்பா என்ன சொன்னார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் அவரை வா என்று கூப்பிட்டு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.