ஒரே வெயிலுக்கு இரண்டு சொந்தக்காரர்

செருப்புகூடப் போடாமல் வெயில்காரர் பிஸ்கட் ஆலையைப் பார்த்து ஓடினார். சோதனை அதிகாரி கிளம்பிவிட்டார் என்று அப்போதுதான் போன் வந்திருந்தது.

வெயில்காரர் என்பது தெரு வைத்த பெயர். கேலிப் பெயர்தான். நன்றாக ஓடிய டிவி ரிப்பேர் கடையை விற்று, வீட்டையும் அடமானம் வைத்து, பொட்டல் நிலத்தில் வரிசை வரிசையாகச் சூரியத் தகடு நட்ட மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? "சும்மா கிடைக்கிற வெயில விக்கப் போறாராம்" என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையில் அவர் விற்றது இரண்டு சரக்கு. ஒன்று மின்சாரம். அது பக்கத்திலேயே இருந்த மச்சினனின் பிஸ்கட் ஆலைக்குச் சாதாரண விலையில் போனது. மற்றது, அந்த மின்சாரம் வெயிலில் இருந்து வந்தது என்கிற சான்றிதழ். நாட்டு மின்சாரத்தில் இத்தனை பங்கு வெயிலிலும் காற்றிலும் இருந்து வந்தாக வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்து, அதைப் பெரிய ஆலைகளின் தலையில் கட்டிவிட்டது. தகடு போட இடமில்லாத சிமெண்ட் ஆலை என்ன செய்யும்? இவர் மாதிரி ஆட்களிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டும். ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ். அந்த வரும்படியை நம்பித்தான் சின்ன ஆட்களும் துணிந்து தகடு போட்டார்கள். தகடு கூடக்கூட நாட்டின் இலக்கும் கிட்டே வந்தது.

கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். சான்றிதழ் வாங்கியவர் மட்டுமே 'என்னுடையது சூரிய மின்சாரம்' என்று சொல்லிக்கொள்ளலாம். வெறும் மின்சாரம் வாங்கியவர் மூச்சுவிடக் கூடாது. இல்லாவிட்டால் ஒரே வெயிலை இரண்டு பேர் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்கள், இலக்கு என்பதே ஏமாற்று வேலையாகிவிடும்.

வெயில்காரருக்கு இது தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆலைக்கு முதன்முதலாக மின்சாரம் போன அன்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தச் செலவில் பலகை எழுதி வாங்கி, ஆலை வாசலில் தானே ஏணி போட்டு மாட்டினார். 'இங்கே எல்லாம் சூரிய மின்சாரம்!' பெருமைக்கு மாட்டியது. அந்தச் சொல்லைத்தான் சான்றிதழாகச் சிமெண்ட் ஆலைக்கு விற்கிறோம் என்று உறைக்கவே இல்லை. போன் வந்த பிறகுதான் உறைத்தது. மின்சாரம் வாங்கியவர் அப்படிச் சொல்லிக்கொள்வது அதிகாரி கண்ணில் பட்டால், சான்றிதழ் விற்கும் இவருடைய பதிவே ரத்து. பதிவு போனால் சான்றிதழ் போச்சு, பொட்டலும் வீடும் போச்சு.

"மாப்ளே, அந்தப் பலகையக் கழட்டணும். இப்பவே!"

"என்ன அத்தான் விளையாடுறீங்களா? அதப் பாத்துதான் எனக்குப் பெரிய ஆர்டரே வந்துச்சு."

"உங்கக்கா நடுத்தெருவுல நிப்பாடா!"

மச்சினன் முகம் சுருங்கியது. "ஏணி பின்னாடி இருக்கு... அத்தான், இன்னொரு விஷயம், பலகை மட்டும்..."

கேட்க யாருக்குப் பொழுது? அவர் ஏணியில் பாதி ஏறியிருந்தார். போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. ஸ்பேனர் வழுக்கி உள்ளங்கைத் தோலைப் பிய்த்துவிட்டது. கடவுளே கடவுளே என்று முனகிக்கொண்டே திருகினார். பலகையைச் சாக்கில் சுற்றி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் செருகினார்.

அதிகாரி நல்ல மாதிரிப் பெண்மணி. மீட்டரைப் பார்த்தார், தகடுகளுக்கு நடுவே நடந்தார், ஆலை வாசலையும் ஒரு பார்வை பார்த்தார். அங்கே நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"எல்லாம் சரியா இருக்கு சார். சின்ன இடமா இருந்தாலும் சுத்தமா வச்சிருக்கீங்க."

வெயில்காரருக்குப் போன உயிர் திரும்பியது. அழுகை வந்துவிடும்போல இருந்தது. காயம்பட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க மேடம்" என்றார்.

மனைவி மீட்டர் அறைக்கு டீயோடு வந்தாள். பலகை விவகாரம் எதுவும் அவளுக்குத் தெரியாது, சொல்ல நேரமும் இருக்கவில்லை. தட்டில் புது பிஸ்கட் பாக்கெட் ஒன்று.

"எடுத்துக்கோங்க மேடம், எங்க தம்பி ஆலையில செஞ்சது. இப்பதான் புதுசா கவர் போட்டிருக்கான்."

அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டே பாக்கெட்டைத் திருப்பினார். மஞ்சள் சூரியன் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, 'முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் செய்தது.'

மச்சினன் ஏணியடியில் சொல்ல வந்தது என்ன என்று வெயில்காரருக்கு அப்போது புரிந்தது. மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

அதிகாரி மிச்ச பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார். "இந்த பாக்கெட் எங்கெல்லாம் போகுதும்மா?"

மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"நாடு முழுக்க போகுது மேடம்!" என்றாள்.