தூரத்துக்காரருக்கு முதல் தட்டு

பழைய காசு வியாபாரத்தில் சரக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர்தான் ரயிலும் வண்டியும் ஏறி இடுப்பொடிந்து வந்து சேரவேண்டும். "இது எந்த ராஜா அடிச்சது தம்பி?" என்ற கேள்விக்கு ஒரே நாளில் நாற்பது தரம் பதில் சொல்லித் தொண்டை வற்றிய என் சக காசு வியாபாரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் என் தாய்மாமாவுக்குப் பாத்திரக்கடை. பழைய அண்டா, குண்டா மாற்ற வருகிறவர்கள் வீட்டில் கிடந்த காசுகளையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் காசுகளுக்கெல்லாம் பதினேழு வயதான நான்தான் அதிகாரி. வருஷத்துக்கு ஒரு தரம், விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கடை மாடியில் காசுக் காட்சி. எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுப்பார்கள். அந்தப் பொத்தானைப் பார்க்கக் கடல் தாண்டி ஆள் வருகிறது. வேறு எந்த ஊர்ப் பொத்தானுக்கு இந்த மரியாதை உண்டு?

காட்சியில் மாமா வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: யார் அதிக தூரத்திலிருந்து வந்தாரோ அவருக்கு முதல் தட்டு. மற்றவர்கள் கை வைக்குமுன் அவர் தட்டைத் திறந்து, பிடித்த காசு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இன்னொரு தொழிலும் தெரியும். ஒரு குரலை ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். மாமா குரலில் கூப்பிட்டால் மாமியே "இந்தா வாரேங்க" என்று ஓடிவருவார். இன்னொரு தரம் தன் குரலில் பேசினால் காசுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு புளி போட்டுப் பித்தளை தேய்க்க உட்கார்த்திவிடுவதாக மாமா சொல்லிவைத்திருந்தார்.

பம்பாய்க்காரர்

ஒரு வருஷம் கோட்டும் தொப்பியுமாக ஒருவர் வந்து, பம்பாயிலிருந்து நேராக வருவதாகச் சொல்லி முதல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். பம்பாயில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லாப் பக்கமும்தான் என்றார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பேச்சிலும் பக்கத்து ஊரான கீரனூர் வாடை அடித்தது.

மெல்ல மாடிப்படி இறங்கினேன். வாசலில் நின்று, கீரனூர் ஜட்கா வண்டிக்காரரின் கட்டைக் குரலில், "கீரனூருக்கு வண்டி கிளம்புது, ஒரே ஒரு ஆளுக்கு எடமிருக்கு" என்று குரல் கொடுத்தேன். மாடியில் நாற்காலி உருண்டது. "நிறுத்துப்பா, நானும் வாரேன்" என்று தொப்பி முன்னால் வர, பம்பாய்க்காரர் பின்னால் வந்தார். வாசலில் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. நான் மட்டும் நின்றேன். அவர் அசரவில்லை. தொப்பியைத் தூசி தட்டிக்கொண்டு சொன்னார்: "பம்பாய்க்குப் போற வழியிலதான தம்பி கீரனூரும் இருக்கு."

பெண் பார்க்க வந்தவர்

அறந்தாங்கிப் பக்கத்து விவசாயி ஒருவர். பக்கத்துத் தெருவில் பெண் பார்க்க இரண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தவர், பஜ்ஜி தின்ற கையோடு எங்கள் மாடியில் ஏறிவிட்டார். தேடிக்கொண்டு அவருடைய ஆத்தா வந்தார், அத்தை வந்தார், கடைசியில் தரகரும் வந்தார். இவர் மட்டும் பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண் வீட்டில் நிமிர்ந்துகூடப் பார்க்காத பிள்ளை இங்கே இப்படிப் பார்க்கிறானே என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டார். பிள்ளை நிதானமாகப் பதில் சொன்னார்: "பொண்ணு நம்ம வீட்டுக்குத்தான ஆத்தா வரப்போகுது. இந்தக் காசு எவன் வீட்டுக்குப் போகுமோ, யாருக்குத் தெரியும்."

கொழும்பு முதலாளி

கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வருஷம் தவறாமல் வருவார். ராத்திரி ரயிலேறி, விடிந்து கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் பிடித்து எங்கள் ஊரில் இறங்குவார். அவரைவிடத் தூரத்திலிருந்து வந்தவர் கிடையாது. எனவே முதல் தட்டு அவருக்கே. அச்சடித்தவர் கை தவறி இரண்டு பக்கமும் அம்மனே விழுந்த காசு ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. அதையும் அவர்தான் எடுத்துப் போனார்.

அந்த வருஷம் கடல் கொந்தளிப்பு. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க மாடியேறினார். காசுப்பெட்டி மட்டும் கக்கத்தில் இறுக்கமாக இருந்தது. அதை வாங்கி வைக்கப்போனேன். விடவில்லை. "வயித்துல இருந்ததையெல்லாம் கடலுக்குக் குடுத்துட்டேன் தம்பி. பெட்டியக் கேட்டுது, குடுக்கலை" என்றார்.

கறம்பக்குடித் தையல்காரர்

கறம்பக்குடித் தையல்காரர் சுப்பையா நான்கு வருஷமாக நடந்தே வருகிறவர். சுற்றிவைத்த காடாத்துணி ஒன்றை விரிப்பார். அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு அம்மன் காசு. கடைசிப் பை மட்டும் காலி. இருபக்கமும் அம்மன் உள்ள காசுக்காகத் தைத்தது. அது தன் கண் முன்னால் கொழும்புக்குக் கப்பல் ஏறியபோது காலிப் பையோடு துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இந்த வருஷம் தானத்தில் வாங்கிய காசுகளை ஒருவர் எங்களிடம் மாற்றினார். அதில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. முதல் தட்டில் வைத்தோம். சேதி எப்படியோ கொழும்பு வரை போய்விட்டது. ஜோடி சேர்க்க முதலாளி காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு நாளாக அடைமழை. கண்மாய் உடைந்து ஆலங்குடிச் சாலை மூழ்கிக் கிடந்தது. சுப்பையா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தட்டைத் திறக்கிற நேரத்துக்கு, முழங்கால் வரை சேறும் தலையில் துணிச்சுருளுமாக மாடி வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, தெற்கே அறந்தாங்கி சுற்றி வந்தாராம். முதல் தட்டுக்கு எதிரே முதலாளியைப் பார்த்ததும் துணியைப் பிரிக்காமலே ஓரமாக உட்கார்ந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா கொல்லைப்பக்கம் போயிருந்தார். நான் படிக்கட்டுக்கு இறங்கி, தொண்டையைச் செருமி, அவர் குரலிலேயே மாடிக்குக் கேட்கச் சொன்னேன்: "இந்த வருஷம் மைல் கணக்கு இல்லைங்க. வீட்டை விட்டுக் கிளம்பி யாருக்கு அதிக நேரம் ஆச்சோ, அவங்களுக்குத்தான் முதல் தட்டு."

திரும்பினால் என் முதுகுக்குப் பின்னால் மாமா, ஈரக் காலோடு. என் கண் முன்னால் புளி உருண்டையும் பித்தளை அண்டாவும் வந்து நின்றன. அவர் என்னைத் தாண்டி மேலே போனார். நானும் பின்னாலேயே போனேன். முதலாளி எழுந்து, இதென்ன திடீர்ச் சட்டம், நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார். மாமா மாடியை ஒரு சுற்றுப் பார்த்தார். சுப்பையாவின் சேற்றுக்காலைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"என் குரல்தானங்க கேட்டுச்சு? அப்ப நான் சொன்னதுதான்."

முதலாளி கிளம்பியது வெள்ளிக்கிழமை ராத்திரி, சுப்பையா அன்று காலையிலேயே. கணக்கு முடிந்தது. சுப்பையா காசை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார், புரட்டி மறுபக்கம் பார்த்தார், கடைசிப் பையில் போட்டுவிட்டு ஊசியை எடுத்து அங்கேயே பையின் வாயைத் தைத்தார். முதலாளி அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, முதல் பையிலிருந்து கடைசிப் பை வரை தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். போகும்போது மாமாவிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் நானும் கொழும்புலேர்ந்து நடந்தே வாரேன்."

பொத்தான் அளவுக் காசுக்காகக் கடலில் நடக்கவும் ஆள் தயாராக இருக்கும் ஊர் எங்களுடையது என்ற பெருமையோடு, மாமா சொன்ன சொல் தவறாதவர் என்பதால், இதைப் பித்தளை அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே நடுநடுவே கை கழுவி எழுதி முடிக்கிறேன்.