தம்பிக்காக இளைத்த கேப்டன்

பேருந்துப் பணிமனையில் அவளுக்கு கேப்டன் என்று பெயர். பெரிய வண்டியை முட்டுச்சந்துக்குள் பின்பக்கமாக எடுக்கவேண்டிய நிலை வந்தால், வருஷக்கணக்கில் ஓட்டிப் பழம்தின்று கொட்டைபோட்ட ஆட்களே சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வார்கள். அவளும் அலட்டிக்கொள்ளமாட்டாள். வாயில் இருந்த பன்னை மென்றுகொண்டே ஏறி உட்காருவாள். இரண்டு முறை கண்ணாடியைப் பார்ப்பாள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சந்துக்குள் போய் நிற்கும். இறங்கும்போது பன் தீர்ந்திருக்கும்.

ஆள் வாட்டசாட்டம். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. நடுநடுவே பிஸ்கட், சிப்ஸ், இனிப்புப் பானம். வீட்டுக்கு வந்ததும் சோற்றை ஒரு கட்டுக் கட்டுவாள். உடம்பு சும்மா இருக்குமா? யாராவது ஜாடைமாடையாகச் சொன்னால், "வண்டி எவ்வளவு பெருசு, ஓட்டறவ மட்டும் குச்சியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். தன் உடம்பைப் பற்றி அவள் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்படுவது அவளுக்கு வராத காரியங்களில் ஒன்று.

அவளுக்கு ஒரே தம்பி. தையல் மிஷின் பழுதுபார்க்கிறவன். ஊசி முனை அளவு கோளாறைக்கூடச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிற அவனுக்கு, தன் உடம்புக்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுக்கொண்டிருந்தது கடைசிவரை தெரியாமல் போய்விட்டது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வருவான். வந்த அன்று முழுக்கச் சுருண்டு கிடப்பான். அவன் மனைவி தன்னுடைய சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தாள். ரத்த வகை சேரவில்லை.

கேப்டன் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பணிமனையிலிருந்து நேராகச் சீருடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், தன்னைப் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் தகவலாகத்தான் சொன்னாள். அவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர், அதிகம் பேசாதவர். "நீ முடிவு பண்ணிட்டே. நான் கூட வரேன்" என்றார்.

பரிசோதனைகள் எல்லாம் பொருந்தின. அதன்பிறகுதான் சிக்கல். சிறுநீரக மருத்துவர் கண்டிப்பான பெண்மணி. கோப்பை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க சிறுநீரகம் உங்க தம்பிக்கு அருமையாப் பொருந்துது. ஆனா இந்த எடையோட உங்களை ஆபரேஷன் மேஜையில படுக்கவைக்க மாட்டேன். சர்க்கரையும் வரலாமா வேண்டாமான்னு வாசல்ல நிக்குது. ஒருத்தரைக் காப்பாத்தறதுக்காக இன்னொரு நோயாளியை உண்டாக்க முடியாது."

கேப்டனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையைத் தொங்கப்போடவில்லை. எவ்வளவு குறைக்கவேண்டும் என்று கேட்டாள். மருத்துவர் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையின் எடை அது. அதைக் கேட்டு அவள், "அவ்வளவுதானே டாக்டர்? குறைச்சுட்டு வரேன்" என்றாள், ஏதோ கடைக்குப் போய் ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள்போல.

குறைப்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். வாயைக் கட்டுவது. காலையில் வெறும் காப்பி, மத்தியானம் ஒரு பழம், அதோடு சரி. முதல் இரண்டு நாள் ஜம்மென்று போனது. மூன்றாம் நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் எரிச்சல். அந்த வாரக் கடைசியில், மத்தியான வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே சாலை மங்கிக்கொண்டு வந்தது. கேப்டன் கேப்டன்தான். பதறாமல் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். பயணிகள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் பணிமனை மேலாளர் காரணத்தைக் கேட்டுவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கும்வரை வண்டிப்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை அலமாரியைத் திறந்து நின்றவாக்கிலேயே ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்தாள். அது போதாமல் கணவருடைய சிப்ஸ், அதன் பின்னால் ஒளிந்திருந்த கேக். வயிறு நிறைந்தபிறகுதான் கோபம் வந்தது. தன்மேல் இல்லை, தான் போட்ட திட்டத்தின்மேல். பட்டினி கிடந்தால் வண்டி ஓட்ட முடியாது. வண்டி ஓட்டாமல் இருக்க அவளால் முடியாது. அப்படியானால் இந்தத் திட்டம் உதவாது, வேறு பார்க்கவேண்டியதுதான்.

மறுநாளே ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பசியோடு வீட்டுக்குள் நுழைந்தால் கை முதலில் எங்கே போகும் என்று கேட்டார். அலமாரிக்கு என்றாள்.

"அப்ப அங்கேருந்து ஆரம்பிங்க. பசிச்ச நேரத்துல யாருக்கும் புத்தி வேலை செய்யாது. கைக்கு எட்டற இடத்துல எது இருக்கோ அதுதான் உள்ள போகும். அதை முன்னாடியே நல்லதா வாங்கி வச்சிடுங்க. கடைக்கு மட்டும் வயித்தைக் காயப்போட்டுட்டுப் போகாதீங்க" என்றார்.

கேப்டனுக்கு இது பிடித்துப்போயிற்று. வேலை என்றால் இப்படி இருக்கவேண்டும். இறங்கிச் செய்யக்கூடியதாக, செய்தால் கண்ணுக்குத் தெரிவதாக. அன்றைக்கே அலமாரியைத் துடைத்து எடுத்தாள். பிஸ்கட், சிப்ஸ், கேக், சர்க்கரைப் பாகு, பொடி கலக்கினால் பானமாகிற டப்பாக்கள் எல்லாம் பெரிய பைகளில் ஏறி, பணிமனை ஓய்வறைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றுக்கு மங்களம் பாட ஆளுக்கா பஞ்சம்? கணவர் மட்டும் வீட்டை ஜப்தி செய்ய வந்தவர்களைப் பார்ப்பதுபோல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காலி வர்ண வாளிக்குள் அவர் ஒளித்துவைத்தது பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அதைத் தின்றுபார்த்தீர்களா என்று கேட்டதற்கு, தின்றேன், வர்ணத்தில் கலக்கிற டர்பன்டைன் வாசம் அடித்தது, இருந்தாலும் விடவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வார விடுமுறையில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். தம்பியும் சேர்ந்துகொண்டான். ஆஸ்பத்திரி மிஷினுக்குப் போகாத நாள், கொஞ்சம் தெம்பாக இருந்தான். தள்ளுவண்டியைத் தானே தள்ளுவேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

அத்தனை பெரிய கடையில் கேப்டன் இதுவரை போனது இரண்டே பக்கம்தான், பிஸ்கட் பக்கமும் குளிர்பானப் பக்கமும். இப்போது புது வழித்தடத்துக்கு மாற்றப்பட்ட ஓட்டுநரைப்போல ஒவ்வொரு வரிசையாக நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஓட்ஸ் எடுத்தாள். முதலில் எடுத்த பெட்டியின் முன்பக்கத்தில் ஒல்லியான ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் ஓட்ஸுக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்ப வைத்துவிட்டு, படமே இல்லாத சாதாரணப் பொட்டலத்தை எடுத்தாள். பழுப்பரிசி, முழுக்கோதுமை மாவு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, சிவப்பு ராஜ்மா, தோலோடு வேர்க்கடலை, முட்டை, சர்க்கரை சேர்க்காத தயிர், தண்ணீரில் போட்ட டின் மீன், கீரைக் கட்டுகள், கேரட், முட்டைக்கோஸ். உறைந்த பட்டாணியை எடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். களைத்து வருகிற நாளில் நறுக்குகிற வேலை மிச்சம் என்று அதையும் போட்டாள்.

தம்பி வண்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். பயறு, கடலை, கீரை, தீட்டாத தானியம் எதுவும் அவன் சிறுநீரகத்துக்கு ஆகாது, அளவுக்கு மேல் தொடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவுக்கு மருந்தானது எல்லாம் தனக்கு விஷம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்தபிறகு அவன் வண்டியைத் தள்ளாமல் அப்படியே நின்றான்.

"அக்கா, கஷ்டமா இருந்தா சொல்லிடு. எனக்கு அந்த மிஷின் பழகிப்போச்சு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கேப்டன் கையில் இருந்த ராஜ்மாப் பொட்டலத்தை வண்டியில் போட்டாள்.

"பயணிங்க நடுவுல இறங்கலாம்டா. ஓட்டறவ இறங்க முடியாது. நீ வண்டியைத் தள்ளு, இன்னும் பூண்டு வாங்கணும்."

வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பிஸ்கட் இருந்த அலமாரித் தட்டில், கண்ணுக்கு நேராக, பயறும் கடலையும் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நின்றன. விடுமுறைதோறும் கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும் ஊறவைத்து வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு உறைபெட்டியில் அடுக்குவாள். முட்டை அவித்துவைப்பாள். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, குளிர்பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பாள். வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் ஜாடியோடு மடியில் வைத்துக்கொண்டால் தொலைந்தோம் என்று, கைப்பிடி அளவாகப் பிரித்துக் கட்டிவைத்தாள்.

முதல் நாள் சமையல்தான் சோதனை. உப்புச் சப்பில்லாமல் வெந்த ராஜ்மாவைக் கணவர் வெகுநேரம் மென்றார். கடைசியில், "சுவத்துக்குப் பூசற பட்டிகூட இதைவிட ருசியா இருக்கும்" என்றார். வாழ்நாளில் அவர் அடித்த மிகப்பெரிய ஜோக் அதுதான். கேப்டன் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் பூண்டையும் வெங்காயத்தையும் துளி எண்ணெயில் சிவக்க வதக்கிப்போட்டு, மிளகு தட்டி, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். அவர் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினார்.

மேலாளர் வண்டியைத் திரும்பக் கொடுத்தார். சாப்பாட்டு டப்பா இல்லாமல் அவள் வண்டியில் ஏறுவதில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் மற்றவர்கள் பெஞ்சில் சாய்ந்திருக்க, இவள் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். எடை மளமளவென்று இறங்கியது. சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைக்கவேண்டி வந்தது. தம்பி தன் கையாலேயே தைத்துக் கொடுத்தான்.

பிறகு ஒரு நாள் எடை அப்படியே நின்றுவிட்டது. வாரங்கள் போயின. முள் அசையவில்லை. வேறு யாராவது என்றால் மனசு விட்டுப்போயிருக்கும். கேப்டனோ, எண்ணெய் ஒழுகுகிற வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கிற மெக்கானிக்கைப்போல, தான் காலையிலிருந்து என்னென்ன வாயில் போடுகிறோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒழுகல் பணிமனை டீயில் இருந்தது. ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரு டீ, ஒவ்வொன்றிலும் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை. டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து சர்க்கரை இல்லாமல் கேட்டாள். டீக்கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று, தன் டீயில் என்ன குறை கண்டாள் என்று. அவரைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் பிடித்தது. முள் இறங்க அதைவிடக் கொஞ்சம் அதிகம் பிடித்தது.

கடைசியில் மருத்துவர் தாமே அவளை எடை பார்த்தார். இறங்கி இன்னொரு தடவை ஏறச் சொன்னார். சர்க்கரைப் பரிசோதனைத் தாளையும் பார்த்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நன்றாகச் சாப்பிட்டேன் என்றாள் கேப்டன்.

ஆபரேஷன் அன்று காலை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கூரை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தான் ஓட்டாத ஒரு வண்டியில் போவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. கணவரைக் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டு, கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று அவர் காதுக்கு மட்டும் சொன்னாள். நகக்கண்ணில் வெள்ளை வர்ணம் ஒட்டியிருந்த கையால் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கதவுவரை விடவில்லை.

இரண்டாம் நாள் அவளை எழுந்து நடக்கச் சொன்னார்கள். விலாப்பக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தம்பியின் அறைவரை போனாள். அவளுடைய சிறுநீரகம் அவனுக்குள் போனதும் போகாததுமாக வேலையைத் தொடங்கிவிட்டது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவன் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நோய் கண்ட நாளிலிருந்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து, நாக்கு வறண்டால் பனிக்கட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு காலம் தள்ளியவன். இப்போது நிறையக் குடி, குடித்தால்தான் நல்லது என்று டாக்டரே சொல்லிவிட்டார். முழு டம்ளரையும் மடமடவென்று குடித்து முடித்தான். நர்ஸ் மறுபடியும் நிரப்பினாள். அதையும் குடித்தான். மூன்றாவதைக் கையில் வாங்கியபோதுதான் அக்கா நிற்பதைப் பார்த்தான். டம்ளரை அவள் பக்கமாகத் தூக்கிக் காட்டிவிட்டு, அதையும் மடமடவென்று குடிக்க ஆரம்பித்தான்.

கேப்டன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு கதவை லேசாகத் திறந்தாள்.

"மெதுவாக் குடிடா, புரையேறப் போகுது" என்றாள்.