ஆறு பேருக்கான அளவு

லால் பாஷாவுக்கு முப்பத்தொன்பது வயது வரை வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. இதை அவர் வெட்கப்பட்டுச் சொன்னதில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊத்தங்கரையில் அம்மா இருந்தவரை அம்மா ஆக்கிப் போட்டாள். அவள் போன பிறகு மனைவி சுக்ரா. ஓசூர் சிப்காட்டில் டர்னர் வேலை கிடைத்துத் தனியாக வந்ததும் பகலில் கம்பெனி கேண்டீன், ராத்திரிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ். தட்டு தானாக நடந்து வந்து முன்னால் நிற்கும் என்று நம்பியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டார் மனிதர்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசத்தில் வயிறு மக்கர் செய்தது. லேத்தின் முன்னால் நிற்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கட்டிலில் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார்.

"புண்ணு இருக்கு. மெஸ் சாப்பாட்டை இன்னையோட நிறுத்துங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா ஆறிடும்" என்றார்.

வேறு யாராவது என்றால் கவலைப்பட்டிருப்பார்கள். லால் பாஷாவுக்கு வந்ததோ சந்தோஷம். டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஏனென்றால் ஓசூர் வந்த ஆறு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல, ஆனால் மீற முடியாது. மகன் அப்பனிடம் போய், "என் பெண்டாட்டியை என்னோடு அனுப்புங்கள்" என்று கேட்கக் கூடாது. கேட்டால் மானக்கேடு. சோற்றுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லலாம். அதைச் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொண்டு அனுப்பி வைப்பார்கள். பெண்டாட்டியைச் சோற்றின் பெயரால்தான் கேட்க முடியும். கேண்டீனிலும் மெஸ்ஸிலும் மூன்று வேளையும் தின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

மாசம் ஒரு தரம் ஊருக்குப் போவார். சனிக்கிழமை சாயந்தரம் போய்ச் சேர்ந்தால் ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறியாக வேண்டும். அந்த ஒற்றை அறை வீட்டில் அப்பா காஜா மொய்தீன், மகள் தாஹிரா, அவளுக்கு அடுத்த பையன்கள் இரண்டு பேர். இத்தனை பேருக்கு நடுவில் சுக்ராவிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிய நாள் அவருக்கு நினைவில்லை. அவள் சோறு போடுவாள், இவர் சாப்பிடுவார், கிளம்புகையில் அவள் கதவருகில் நிற்பாள்.

கடிதத்தில் எழுதலாமே என்றால் அதற்கும் வழியில்லை. சுக்ராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தாஹிராதான் கடிதத்தை உரக்கப் படிப்பாள். அப்பாவுக்குக் கண் மங்கிப்போனாலும் காது நன்றாகவே கேட்கும். மகள் வாயால் படித்து அப்பா காதில் விழப்போகிற கடிதத்தில் மனிதன் என்ன எழுதுவான்? வயிற்றுப் புண்ணைப் பற்றி எழுதினார். மெஸ்ஸை நிறுத்திவிட்டதாகவும் சோற்றுக்கு ரொம்பக் கஷ்டமாக இருப்பதாகவும் எழுதினார்.

பத்து நாளில் பதில் வந்தது. "அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஆரம்பித்து தாஹிரா குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் நடுவில் இருப்பதால் இப்போது கிளம்ப முடியாது. மே மாச லீவில் எல்லோரும் ஓசூர் வந்து பார்ப்போம். நிஜமாகவே சோற்றுக்குக் கஷ்டம் என்றால் அம்மாவும் பிள்ளைகளும் அங்கேயே தங்கட்டும், ஜூனுக்குள் டி.சி. வாங்கிக்கொள்ளலாம், தான் சிங்காரப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகத் தாத்தா சொல்கிறார். அதுவரை அத்தா தானே கொஞ்சம் பொங்கிச் சாப்பிடட்டும், அம்மா சொல்லச் சொல்ல எழுதி அனுப்புகிறேன். இதுதான் சேதி.

லால் பாஷா உடனே காரியத்தில் இறங்கினார். நாலு பேரோடு படுத்திருந்த ரூமைக் காலி செய்துவிட்டு, சமையலறை உள்ள ஒரு பின்கட்டைப் பிடித்தார். வீட்டுச் சொந்தக்காரி நஞ்சம்மா தளிப் பக்கத்துக் கன்னடக்காரி, மார்க்கெட்டில் கீரை வியாபாரம். குடும்பம் வரப்போவதாகச் சொல்லித்தான் வாடகைக்குக் கேட்டார். குடும்பம் எப்போது வரும் என்று அவள் கேட்டதற்கு, "இந்தா வந்துடும்மா" என்றார். பிறகு காலியான இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒற்றை ஆளாகப் பாயை விரித்தார்.

முதல் பாடம் பருப்பு கடைசல். "துவரம்பருப்பு ஒன்றரை ஆழாக்கு, வெங்காயம் நாலு, தக்காளி மூணு, பூண்டு ஒரு கைப்பிடி. தண்ணி கொதிச்சதும் பருப்பைப் போட்டு, மஞ்சத்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு முக்கா மணி நேரம் வேக விடணும். நல்லா மசிஞ்ச பிறகுதான் உப்பும் புளியும். முன்னாடியே போட்டா பருப்பு முறைச்சிக்கும். இது ஆறு பேருக்கு."

ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினார். "ஒரு ஆளுக்கு ஆக்கி அம்மாவுக்குப் பழக்கமில்லையாம். நீங்களே வகுத்துக்குவீங்களாம்" என்று பதில் வந்தது.

வகுப்பதற்கு லால் பாஷாவுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? டிராயிங்கைப் பார்த்து நூல் பிசகாமல் கடைகிற கை. சாக்பீஸை எடுத்துச் சமையலறைச் சுவரில் எல்லாவற்றையும் ஆறால் வகுத்தார். தக்காளி அரை. வெங்காயம் மூன்றில் இரண்டு. அதற்கு வெங்காயத்தின் மேல் பென்சிலால் கோடு கிழித்து வெட்டினார். தண்ணீர் ஆறில் ஒன்று. நேரமும் ஆறில் ஒன்று. முக்கால் மணியை வகுத்தால் ஏழரை நிமிஷம். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டவ் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழரை நிமிஷத்தில் டாணென்று இறக்கினார்.

பருப்பு கல்லாகக் கிடந்தது. மத்தால் கடைந்தபோது மணிகள் தெறித்து ஓடின. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நஞ்சம்மா விஷயத்தைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, ஆள் ஒண்ணானா என்ன, ஆறானா என்ன? நெருப்புக்கு லெக்கம், கணக்கெல்லாம் தெரியுமா? பருப்பு வேகற நேரம் வெந்துதான் ஆகணும்."

அன்று ராத்திரி அந்தப் பருப்பையே மென்று தின்றார். ஊருக்கு எழுதும்போது, "பருப்பு நன்றாக வந்தது" என்று எழுதினார். கல்லாகப் போனது என்று எழுதினால் தாஹிரா படிப்பாள், பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அப்பா வேறு ஏதாவது சொல்வார். எதற்கு வம்பு?

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு இன்லண்டு லெட்டர் வரும், வாரம் ஒரு குழம்பு. ரசம் பொங்கிப் பாழானது, "ரசம் நன்றாக வந்தது" என்று எழுதினார். நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்பது மூன்றாவது தடவைதான் மண்டையில் ஏறியது. கீரையை மூடி வைத்து வேகவிட்டுப் பழுப்பாக்கினார். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் கறுக்க விட்டார். எல்லாமே நன்றாக வந்ததாகத்தான் ஊருக்குச் சேதி போனது.

நாள் ஆக ஆக நிஜமாகவே நன்றாக வரத் தொடங்கியது. வயிறும் ஆறியது. ஆனால் சாப்பிட உட்காரும்போதுதான் கஷ்டம். மெஸ்ஸில் யாராவது இடித்துக்கொண்டு உட்காருவார்கள், பக்கத்து இலைக்காரன் ஊறுகாய் கேட்பான். இங்கே சுவர்தான். லேத்தில் பக்கத்தில் நிற்பவர் தெலுங்கு. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து எல்லோரும் உருதுவில் பேசிக்கொண்டிருப்பார்கள், உருது வராத இவர் ஸலாம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். "ஊட்டா ஆய்தா?" என்று நஞ்சம்மா தினமும் கேட்பாள். சாப்பாடு ஆயிற்றா என்று அவள் தெருவில் எல்லோரையும்தான் கேட்பாள். இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்காக லால் பாஷா வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்ப மோசம். குழம்பு நல்ல ருசியாக அமைந்துவிட்ட ஞாயிறு அதைவிட மோசம், அதைச் சொல்ல ஆள் இருக்காது.

ஒரு நாள் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருக்கும்போது கை நின்றது. அங்கே அப்பா, சுக்ரா, மூன்று பிள்ளைகள். ஐந்து பேர்தானே? பிறகு ஏன் ஒவ்வொரு கடிதத்திலும் ஆறு பேருக்கு என்று வருகிறது? கேட்டு எழுதினார். தாஹிராவின் பதில் ஒரே வரி: "அம்மா எப்பவும் ஆறு பேருக்குத்தான் உலை வைக்கும், மீந்ததைக் காலையில் தண்ணி ஊத்திக் குடிக்கும்." லால் பாஷா அந்த வரியை நின்றுகொண்டே பலமுறை படித்தார். அடக்க முடியாமல் அழுதார். ஆறு வருஷமாக இவர் பங்குச் சோற்றை அவள் தினமும் வடித்துக்கொண்டிருக்கிறாள்.

மே மாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. நெய்ச்சோறும் எலும்பு போட்ட தால்ச்சாவும் செய்வது என்று முடிவு கட்டினார். இது வகுக்காமல் ஆக்குகிற சமையல் என்பதால் பயம். மூன்று ஞாயிறு ஒத்திகை பார்த்து நஞ்சம்மா வீட்டுக்குக் கொடுத்தார். அவர்கள் வழித்துத் தின்றார்கள். அவர்கள் வருகிற நாள் விடியும்போதே கறிக்கடையில் நெஞ்செலும்பு வாங்கிவந்து அடுப்பில் ஏற்றினார். பருப்பு பதமாக மசிந்தது. கத்தரிக்காயும் மாங்காயும் உடையாமல் வெந்தன. அடுப்பை விட்டு நகர மனசில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கே போகவில்லை. விலாசம் விசாரித்து அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர் கையால் பரிமாறினார். சுக்ரா எழப் போனாள், "நீ உக்காரு" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குச் சோறு போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய்க்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா ஆக்கறதை விட நல்லாக்கீது" என்றான் சின்னவன்.

காஜா மொய்தீன் எலும்பை உறிஞ்சி முடித்தார். இரண்டாவது தரம் தால்ச்சா கேட்டு வாங்கினார். தட்டை வழித்த பிறகு பேசினார்.

"அல்ஹம்துலில்லாஹ். வயித்துப் புண்ணுன்னு எழுதினியா, நான் பயந்துக்கினே இருந்தேன்டா. இப்பத்தான் எனக்கு நிம்மதி. இவ்ளோ ருசியா ஆக்கித் தின்றவனுக்கு இன்னும் ஒரு ஆள் எதுக்கு? புள்ளைங்க ஊர்லியே படிக்கட்டும். என்னடா சொல்ற?"

புகழ்ச்சியில் மலர்ந்திருந்த லால் பாஷாவின் முகம் அப்படியே நின்றது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன வார்த்தை? சோற்றைத் தவிர வேறு எதையும் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை, சோறோ எல்லோர் வயிற்றிலும் நிறைந்திருந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்கத்தா" என்றார்.

நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அப்பாவையும் பிள்ளைகளையும் இடம் பிடித்து உட்கார வைத்தார். சுக்ரா கடைசியாக ஏற நின்றாள். அவள் கையிலிருந்த பையை வாங்கியவருக்குத் தோள் இறங்கியது.

"ஒரு நாளைக்கு வர்றதுக்கு இவ்ளோ கனமா? என்னத்தைத் தூக்கியாந்த?"

"என் சேலை அத்தினியும்."

லால் பாஷா அவளையே பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸுக்குள் கேட்காத குரலில் சொன்னாள்.

"தால்ச்சாவைக் கொஞ்சம் தீய விட்டிருக்கக் கூடாதாங்க?"

கண்டக்டர் விசில் ஊதினார். சுக்ரா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். லால் பாஷா அந்தப் பையைத் தூக்கி, ஜன்னல் வழியாகத் தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.