குனியாமல் பதினைந்து மீட்டர்

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மிட்சுயோ ஒற்றைப் பாலத்திலிருந்து நாலு தடவை விழுந்திருந்தாள்.

பாலம் என்று பேர்தான். பயிற்சி மைதானத்துத் தார்த்தரையில் பதித்த ஒரு நீளப் பலகை அது. பதினைந்து மீட்டர் நீளம், ஒரு முழம்கூட இல்லாத அகலம், மூன்று விரல் உயரம். அதன்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி, ஐந்து நொடிக்குக் குறையாமல் மெல்ல உருட்டிக் கடக்க வேண்டும். அவசரப்பட்டால் மதிப்பெண் குறையும். சக்கரம் கீழே இறங்கினாலோ தேர்வு அங்கேயே முடிந்தது, மற்றதை எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும் சரி.

தேர்வு சனிக்கிழமை காலை.

நாற்பத்தாறு வயதில் இந்த வேலையை மிட்சுயோ ஆசைப்பட்டுத் தேடிக்கொள்ளவில்லை. நாகசாகியில் மலைச்சரிவின் அடியில், அரைத்த மீனைத் தட்டிப் பொரித்து விற்கும் கடை அவர்களுடையது. செய்வதில் பாதி, மேட்டிலிருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும். கார் ஏற முடியாத சந்து அது. ஒரு பக்கம் படிக்கட்டு, மறுபக்கம் ஆள் அகலத்துக்குச் சரிவு. இருபது வருஷமாக அவள் கணவன் கட்சுஹிகோதான் பழைய நூற்றிருபத்தைந்து சிசி வண்டியில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஏறினான். போன மாதம் அந்தச் சந்தின் வளைவில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டான். பூனை குறுக்கே வந்துவிட்டது என்றான்.

ஒரு வாரம் அவள் பெட்டிகளை முதுகில் சுமந்து ஏறிப் பார்த்தாள். இல்லத்துச் சாப்பாட்டு நேரம் அவள் முட்டிக்காகக் காத்திருக்கவில்லை. சமையல் பொறுப்பாளர் உரகாவா அம்மாள் கடைக்கே வந்து, மூன்று தடவை தலை குனிந்து, வருகிற செவ்வாய்க்கிழமை காலைவரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு தடவை குனிந்தால் பேசிப் பார்க்கலாம். மூன்று தடவை குனிந்து சொன்னால் அதற்குமேல் ஒரு நாள் கிடையாது.

ஊரில் போய்வந்து படித்தால் இரண்டு மாதம் இழுக்கும். அதனால்தான் ஷிமானேயில், கடலோரத்தில், தங்கிப் படிக்கிற இந்த ஓட்டுநர் பள்ளிக்கு வந்தாள். எட்டே நாள். சனிக்கிழமை தேறினால் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, திங்கட்கிழமை ஊரில் உரிமத்தைக் கையில் வாங்கி, செவ்வாய் காலை வண்டியை எடுக்கலாம். தவறினால் அடுத்த தேர்வு புதன்கிழமை. அதற்குள் இல்லம் வேறு கடையைப் பார்த்திருக்கும்.

கடையை நாத்தனாரிடம் விட்டு, எட்டு நாள் குழம்பையும் டப்பாக்களில் அடைத்துக் கிழமை எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தாள். வியாழக்கிழமை டப்பாவைக் கட்சுஹிகோ திங்கட்கிழமையே காலி பண்ணிவிட்டான். ஆண்பிள்ளைக்குக் கால் உடைந்தால் கண்ணும் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது.

மற்றப் பாடமெல்லாம் அவளுக்குக் கைவந்தது. முதல் நாள் கீழே படுத்துக் கிடந்த வண்டியைத் தூக்கச் சொன்னார்கள். இருபது வயசுப் பையன்கள் கையால் இழுத்துத் திணறினபோது, இவள் மீன் பெட்டி தூக்குகிற மாதிரி இடுப்பைக் கொடுத்து ஒரே மூச்சில் நிமிர்த்தினாள். வளைவு, திடீர் நிறுத்தம், எதிலும் தகராறில்லை. பாலம் மட்டும் அவளைக் கீழே தள்ளியது.

நாலாவது தடவை விழுந்ததும் பயிற்சியாளர் முனகட்டா ஓடிவந்தாள். இருபத்தாறு வயசுப் பெண். பேச்சில் சர்க்கரை போடத் தெரியாது; மிட்சுயோவைக் குடும்பப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். வண்டியைப் பார்க்கவில்லை, மிட்சுயோவின் முகத்தைப் பார்த்தாள்.

"இவநாகா சான், பலகையில ஏறும்போது யாருக்குத் தலை குனியறீங்க?"

மிட்சுயோவுக்குப் புரியவில்லை. தான் குனிந்ததே தெரியாது. முனகட்டா கைபேசியில் எடுத்திருந்த படத்தை ஓட்டிக் காட்டினாள். பலகை முனையில் முனகட்டா கையைத் தூக்கி, வரலாம் என்கிறாள். உடனே ஹெல்மெட் போட்ட தலை பொத்தென்று முன்னால் கவிழ்கிறது. கண் கீழே போகிறது, கண் போன பக்கம் சக்கரம் போகிறது. நாலு தடவையும் அப்படியே.

"நீங்க கை காட்டினீங்களே டீச்சர். பதிலுக்குச் சும்மா போனா மரியாதையா இருக்குமா?"

"கல்லாவுல நின்னு எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

"அதான் கழுத்து தானா மடங்குது. மரியாதையெல்லாம் ஹெல்மெட்டைக் கழட்டின பிறகு வச்சுக்கங்க. வண்டில உக்காந்துட்டா எதிர்ல சாமியே வந்தாலும் குனியக் கூடாது."

சொல்வது சுலபம். அன்றைய பாடத்தில் மிச்சமிருந்த ஓட்டங்களில் இரண்டில் விழாமல் கடந்தாள், ஒன்றில் மறுபடி விழுந்தாள். தேர்வுக்கு அனுப்பலாமா என்று முனகட்டா வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டுதான்.

அறைத்தோழி கொயுகிக்குப் பத்தொன்பது வயது. தலைமயிரை வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தாள். கதையைக் கேட்டவள், சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் மிட்சுயோ தட்டை ஏந்தி வருகிறபோதெல்லாம் எதிரே போய் நின்று இடுப்பு மடங்கக் குனிந்தாள். முதல் தடவை மிட்சுயோவும் குனிந்தாள், மிசோ சூப் தட்டில் வழிந்தது. இரண்டாவது தடவையும் வழிந்தது.

"அக்கா, சூப் முழுக்கத் தட்டுலதான் இருக்கு. கிண்ணத்துல என்னத்த குடிப்பீங்க?" என்றாள் கொயுகி.

மூன்றாவது தடவை மிட்சுயோ பல்லைக் கடித்து, அவள் தலைக்குமேல் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தாள். சூப் வழியவில்லை. ஆனால் யாரையோ அறைந்துவிட்ட மாதிரி இருந்தது.

உட்கார்ந்து சோற்றுக் கிண்ணத்தை எடுத்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். கட்சுஹிகோ டப்பாவில் கிழமை தப்பியதைப் பற்றி ஆரம்பித்தான்.

"அதை விடுங்க. அன்னிக்கு வளைவுல குறுக்க வந்தது நெசமாவே பூனையா?"

அவன் பின்னால் ஓடிய தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"கோயில் வீட்டு மாட்சுனோ அம்மா வாசல் பெருக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்து குனிஞ்சாங்க. நானும்..." என்று நிறுத்தினான். "வெளிய சொல்லிடாத. அந்தம்மா மனசு கஷ்டப்படும்."

இருபது வருஷம் ஏறின மேட்டில், பெட்டிக் கனத்தோடு, ஒரு குனிதலில் போனது அவன் தொடை. மிட்சுயோ அவனைத் திட்டவில்லை. அதே மேட்டில், அதே பெட்டிகளோடு, அதே துடைப்பக்காரிக்கு எதிரே செவ்வாய்க்கிழமை தான் ஏறப்போவதைத்தான் நினைத்தாள். இதுவரை தேறாமல் போவோமோ என்றுதான் பயந்தாள். இப்போது, தேறிவிட்டு இதே கழுத்தோடு ஊருக்குப் போவோமோ என்றும் பயந்தாள்.

சனிக்கிழமை காலை தூறல். பலகை நனைந்து மினுமினுத்தது. தேர்வுக்கு வந்தவர்கள் எண் போட்ட மேலங்கியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மிட்சுயோ மூன்றாவது. முதலில் போன நெட்டைப் பையன் பாதிப் பலகையில் சறுக்கினான். வண்டியை ஓரத்தில் விட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்து வந்தான். உள்ளே அழுகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது ஆள் பலகையைத் தாண்டிவிட்டான்.

அவள் முறை வந்தது. முதல் சுற்று, வளைவுகள், குச்சிகளுக்கு நடுவே நெளிதல் எல்லாம் கழிந்தது. பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

பலகை முனையில் நேரம் பார்க்க நின்ற தேர்வாளர் நரைத்த மனிதர், அந்தப் பள்ளியிலேயே மரியாதைக்குப் பேர்போனவர். கையைத் தூக்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். தொப்பியைத் தொட்டு, தலையையும் தாழ்த்தினார்.

மிட்சுயோவின் பிடரி இழுத்தது. வயசில் பெரியவர், மழையில் நிற்கிறார், தனக்குத் தலை குனிந்திருக்கிறார். அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் இதற்குப் பதில் குனியாதவளுக்குச் சோறு கிடைத்திருக்காது. தாடை வலிக்கப் பல்லைக் கடித்து, வேலிக்கு அப்பாலிருந்த நூடுல்ஸ் கடையின் சிவப்புப் பெயர்ப்பலகையில் கண்ணை ஊன்றி, கிளட்சை விட்டாள்.

முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. ஒன்று. முட்டியால் டாங்கை நெரித்தாள். இரண்டு. வலது பாதம் பிரேக்கை மெல்ல அழுத்தியது. மூன்று. கைப்பிடி இடது பக்கம் உதறியது, பார்க்கச் சொல்லித் தரை கூப்பிட்டது. பார்க்கவில்லை. நாலு. சிவப்புப் பெயர்ப்பலகையில் எழுத்து எத்தனை என்று எண்ணினாள். ஐந்து. இன்னும் பலகை தீரவில்லை. சக்கரம் தடக்கென்று இறங்கியபோது, பக்கவாட்டிலா முனையிலா என்று ஒரு கணம் தெரியவில்லை.

முனையில்தான்.

முடிவைச் சொல்லும்போது தேர்வாளர், திரும்புகையில் தோளுக்குப் பின்னால் பார்ப்பது தாமதம் என்று கடிந்துகொண்டார். பிறகு அவள் எண்ணைத் தேறியவர் பட்டியலில் படித்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மிட்சுயோ அவருக்கு இடுப்பு முறியக் குனிந்தாள், காலையில் விட்டதையும் சேர்த்து. தூரத்தில் முனகட்டா தலையில் கை வைத்துச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நாலு பெட்டிகளோடு சந்தில் ஏறினாள். வாசலில் கட்சுஹிகோ ஊன்றுகோலோடு நின்று பார்த்தான். வளைவு வந்தது. மாட்சுனோ அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, எப்போதும்போல் மெதுவாகக் குனிந்தாள். மிட்சுயோ மேலே இல்லத்துக் கதவையே பார்த்தாள். வண்டி வளைந்தது, ஏறியது.

"மீன் கடைப் பொம்பளைக்கு என்ன வந்தது?" என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது.

உரகாவா அம்மாள் மணியைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளை வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது மிட்சுயோ வளைவில் வண்டியை நிறுத்தி, அணைத்து, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாட்சுனோ அம்மாளுக்கு முன்னால் போய் மூன்று தடவை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கங்க. வண்டில இருக்கும்போது நான் மரியாதை கெட்டவ. இனிமே தினமும் இப்படித்தான்."

கிழவி துடைப்பத்தில் சாய்ந்துகொண்டாள்.

"கெட்டவளாவே இரு. அன்னிக்கு உன் வீட்டுக்காரனும் இப்படிப் போயிருந்தா காலு தப்பியிருக்கும். பூனையாம் பூனை," என்றாள். "போ, கடை திறக்கற நேரம்."

மிட்சுயோ ஹெல்மெட்டை மாட்டினாள். கிழவி பழக்கதோஷத்தில் மறுபடி குனிந்தாள். இவள் கண்ணாடியைப் பார்த்து, தோளுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, சரிவில் இறங்கினாள்.