ஆர்கன் கம்பெனியில் மெஹர் நிஷா

என் மேல்வீட்டு மெஹர் நிஷா வேலை பார்க்கும் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். முதலாளி ஹோக்லண்ட், அப்புறம் இவள். சர்ச்சுகளில் சுவர் உயரத்துக்குக் குழாய்கள் நிற்குமே, அந்த ஆர்கன்களைச் செய்கிற கம்பெனி. ஹோக்லண்டின் அப்பா பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு கோழிக்கொட்டகையில் ஆரம்பித்தது. செய்துகொடுத்தவற்றுக்கு வருஷா வருஷம் போய்ச் சுருதி சேர்ப்பதும் இவர்கள்தான்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஹோக்லண்ட் குழாய்களுக்குப் பின்னால் நுழைந்துவிடுவார். ஆள் கண்ணில் படமாட்டார். மெஹர் வெளியே ஆர்கன் வாசிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சுரக்கட்டையை அழுத்திப் பிடிப்பாள். குழாய் சுருதிக்கு வந்ததும் உள்ளிருந்து "நெக்ஸ்ட்" என்று குரல் வரும். அடுத்த கட்டை. நாள் முழுக்க இதேதான். எனக்கென்றால் பைத்தியம் பிடித்துவிடும்.

கல்யாணமான நாள் முதல் அந்த வேலையைப் பார்த்தவள் அவர் மனைவி டோரிஸ். அவள் இறந்தபின் வந்த யாரும் நிலைக்கவில்லை. பெஞ்சில் யாரோ நெருக்கி உட்காருகிறார்கள் என்று சொல்லி ஓடிவிட்டார்கள்.

மெஹர் ஓடவில்லை. விசா இடம்கொடுக்காமல் வருஷக்கணக்கில் வீட்டில் கிடந்து, கிரீன் கார்டு வந்தபின் கிடைத்த முதல் வேலை இது. எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் பெஞ்சின் இடது பாதி சில்லென்றிருக்கும். அங்கே வைத்த ஹேண்ட்பேக் தானாகக் கீழே விழும்.

"விழுந்தா விழட்டும், மடியில வெச்சு manage பண்ணிக்கறேன்" என்றாள் என்னிடம். நெஞ்சழுத்தக்காரி.

அவளுக்கிருந்த ஒரே பயம் தாமதம். இன்னொரு தடவை லேட்டாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஹோக்லண்ட் கறாராகச் சொல்லியிருந்தார்.

போன ஜனவரியில் பனி கொட்டி, வழியில் ஏதோ விபத்து வேறு. அவள் சர்ச் கதவைத் திறக்கும்போதே மாடியில் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது. "நெக்ஸ்ட்" என்றார் கிழவர், சுரம் மாறியது. வேறு ஆள் பார்த்துவிட்டார்! அவளுக்கு வயிறு எரிந்தது. யாரந்த மகராசி என்று பார்க்க விறுவிறுவென்று படியேறினாள்.

பெஞ்சில் யாருமில்லை. ஒரு கட்டை மட்டும் அமுங்கியிருந்தது. "நெக்ஸ்ட்." அது எழும்ப, அடுத்த கட்டை தானே அமுங்கியது.

வந்த வழியே ஒரு படி இறங்கினாள். ஆனால் திரும்பி ஓடினால் வேலை போச்சு. பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சொந்த அக்காவைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"லாத்தா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்கு இத விட்டா வேற job இல்ல."

"நெக்ஸ்ட்" வராமலே, அமுங்கியிருந்த கட்டை மெல்ல எழும்பிச் சுரம் அறுந்தது. அந்தக் கட்டையையே அவள் அழுத்தினாள்.

உள்ளே குழாயைத் தட்டும் சத்தம் நின்றது. "டோரிஸ்?" என்றார் ஹோக்லண்ட்.

"இல்ல மிஸ்டர் ஹோக்லண்ட், மெஹர்."

பிறகு, "போய்ட்டாளா?" என்று கேட்டார். முதலாளி குரலே இல்லை அது. அழுகிற குரல்.

மெஹரின் இடது தோளில் சில்லிட்ட தோள் ஒன்று சாய்ந்திருந்தது. அவள் நகரவில்லை.

"போகல. இங்கதான் இருக்காங்க. நாங்க ரெண்டு பேருமே இருக்கோம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், "நெக்ஸ்ட்."